மலைக்குப் போகாத சாலைகள்

சனிக்கிழமை விடிந்தால் கோவையிலிருந்து கார்கள் மலை பார்த்துக் கிளம்பும். மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி, ஆழியாறு வழியாக வால்பாறை, உடுமலை வழியாக மூணாறு. கொஞ்சம் துணிந்தவர்கள் சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் ஏறுவார்கள். மலையடிவாரம் வரும்வரை வண்டிக்குள் இருப்பவர்கள் யாரும் வெளியே பார்ப்பதில்லை. பாட்டு ஓடும், பிள்ளைகள் தூங்கும், பெரியவர்கள் சைட் விலை பேசுவார்கள். முதல் கொண்டை ஊசி வளைவில்தான் கண்ணாடி கீழே இறங்கும். அதுவரை கடந்துவந்த அறுபது எழுபது கிலோமீட்டர் யாருடைய பயணக் கணக்கிலும் சேர்வதில்லை.

வெளியூர்க்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கொங்கு என்றால் அவர்களுக்கு மில், ஃபவுண்டரி, பம்ப்செட், பனியன், முட்டை, லாரி. பணம் பண்ணுகிற ஊர், சம்பாதிக்கப் போகலாம், சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள். உள்ளூர்க்காரர்களும் அதையே சொல்வதுதான் வேடிக்கை. சினிமாக்காரர்கள் பொள்ளாச்சியையும் கோபிசெட்டிபாளையத்தையும் பல பத்தாண்டுகளாகப் படமெடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தென்னந்தோப்புக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில் ஒரு நூல் மில் இருப்பது எந்த டூயட்டிலும் தெரியாது. அழகு ஒரு பக்கம், தொழில் மறுபக்கம் என்று அப்போதே பாகம் பிரித்துவிட்டார்கள். எனக்கு இந்தப் பாகப்பிரிவினையில் நம்பிக்கை இல்லை. இந்தச் சமவெளியின் தோற்றமும் தொழிலும் ஒரே இல்லாமையிலிருந்து வந்தவை. அந்த இல்லாமை தண்ணீர்.

மேற்குத் தொடர்ச்சி மலை நீலகிரியில் முடிந்து ஆனைமலையில் மறுபடி எழுவதற்கு இடையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு விட்டிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். காற்று மட்டும் இந்தத் திறப்பு வழியாக இங்கே வந்து சேரும். கடல்மட்டத்துக்கு 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கோவையிலும் அதற்குக் கிழக்கேயும் ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டர் வந்தால் நல்ல வருசம் என்பார்கள். கரிசல் இருந்த இடத்தில் பருத்தி வந்தது. பருத்தியைத் தேடி ஆலை வந்தது. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கியது முதல் ஆலை. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டி இறைத்த காலம் போய், 1932இல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. அது ஆலைகளைப் பெருக்கியது, கூடவே கிணற்று மேட்டுக்கும் வந்தது. தண்ணீர் கீழே போகப்போக மோட்டாரின் குதிரைத்திறன் ஏறியது. அந்த மோட்டாரைச் செய்யவும் ரிப்பேர் பார்க்கவும் பட்டறைகள் முளைத்தன. ஊருக்குள் ஃபவுண்டரி வந்த கதை ஒரு வகையில் கிணறு வறண்ட கதையும்தான். அதனால் இங்கே ஒரு தோட்டத்தைப் பார்த்து ரசித்துவிட்டு, அடுத்த கட்டடத்தைக் கண்டதும் முகம் சுளிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதைப் புரிந்துகொள்ள நல்ல இடம் பல்லடத்திலிருந்து உடுமலைக்குப் போகிற சாலை. ஆடியில் போகவேண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைப் பழமொழியாக மட்டும் கேட்டவர்கள் கேத்தனூர்ப் பக்கம் ஒருமுறை வண்டிக் கதவைத் திறந்து பார்க்கலாம். கதவு கையை விட்டுப் போய்விடும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள். கம்பிக்கூடு போன்ற தூண்களில் நிற்கும் பழைய குட்டைக் காற்றாலைகள் வேகமாகச் சுழல, அவற்றுக்குப் பின்னால் வந்த நெடிய வெள்ளைத் தூண்களின் இறக்கைகள் நிதானமாகப் புரளும். இரண்டையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்க்கும்போது காற்றுக்கு வயது வித்தியாசம் இருப்பதாகத் தோன்றும். கீழே மக்காச்சோளம், தட்டுப்போர், மூங்கில் படல் கட்டிச் சின்ன வெங்காயத்தை அடைத்து வைத்திருக்கும் பட்டறைகள். வெங்காயப் பட்டறையை நிறுத்துவதிலும் காற்றுக்குப் பங்குண்டு. ஊடே காற்று போகாவிட்டால் வெங்காயம் வெம்பிவிடும். வழியெல்லாம் நீளமான கோழிக் கொட்டகைகள். எல்லாம் கிழமேற்காகவே இருப்பதைக் கவனித்தால் தெரியும். வெயில் உள்ளே இறங்காமலிருக்க அப்படி. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது, கிடைப்பது வளர்ப்புக்கூலி. தன் நிலத்தில், தன் கொட்டகையில், கூலிக்குக் கோழி வளர்க்கிறவரின் பெயர் விவசாயிதானா என்பதைப் பற்றி நம் பொருளாதாரக் கட்டுரையாளர்கள் யாராவது பொறுமையாக எழுதவேண்டும். அந்த மக்காச்சோளம் வந்ததே இந்தக் கோழிக்காகத்தான். சாலையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுக்கொன்று தீனி போட்டுக்கொண்டு நிற்கின்றன.

உடுமலையைத் தொட்டதும் நிலம் சட்டென்று பச்சைக்கு மாறும். இதுவும் இயற்கை கொடுத்ததல்ல. மேற்கே பாய்ந்துகொண்டிருந்த ஆறுகளைச் சுரங்கமும் அணையும் கட்டிக் கிழக்கே திருப்பிய பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் கொடுத்தது. 1961இல் நேரு வந்து தொடங்கிவைத்தார். சர்க்கார்பதியிலிருந்து மலையின் இடுப்பைச் சுற்றி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வந்து திருமூர்த்தி அணையில் விழும் சம மட்டக் கால்வாயை நினைத்தால், வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகள் எனக்கு அவ்வளவு பெரிய வியப்பாகத் தோன்றுவதில்லை. பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு இந்த உடுமலை வழியாகத்தான் 1920இல் ஜி. டி. நாயுடு தன் முதல் பஸ்ஸை ஓட்டினார். படிப்பைப் பாதியில் விட்ட ஒருவர், ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து அதன்மேல் ஆசைப்பட்டு, வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, வாங்கியதைப் பிரித்துப்போட்டுப் படித்தவர். சாலைப்பயணம் என்றால் இந்த ஊரில் முதலில் வருவது எஞ்சின்மேல் ஏற்பட்ட ஆச்சரியம். காட்சி அப்புறம். அவருடைய பெயரில் அவினாசி சாலையில் இருக்கும் கார் மியூசியத்துக்குப் போகிறவர்கள் இன்றும் பெரும்பாலும் பானட்டுக்குள்தான் எட்டிப் பார்க்கிறார்கள்.

இந்தத் தென்னந்தோப்புகளும் இப்போது நிம்மதியாக இல்லை. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்று மட்டைகளைக் கரிபூசினாற்போல ஆக்கி வைத்திருக்கிறது. ஓடும் காரிலிருந்து பார்த்தால் பச்சை. இறங்கி நின்றால் கறுப்பு.

உடுமலையிலிருந்து தாராபுரம், தாராபுரத்திலிருந்து காங்கேயம். என்னை ஒரே ஒரு சாலையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்தக் கடைசித் துண்டைத்தான் சொல்வேன். அதிலும் பிரதான சாலையிலிருந்து பிரிந்து வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் போகும் ஒற்றைத் தார்ச்சாலைகளை. இங்கே மலை தூரத்து நீலமாகக்கூடத் தெரியாது. மேடு பள்ளமாய்க் கிடக்கும் சரளை மண். அதில் கொறங்காடு.

கொறங்காட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். உழாத நிலம், ஆனால் தரிசு அல்ல. நான்கைந்து ஏக்கருக்கு ஒரு துண்டு, சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே குடை விரித்த வெள்வேல் மரங்கள். மாட்டையும் ஆட்டையும் ஓட்டி உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். ஐப்பசி மழைக்குப் புல் எழும்பும். கோடையில் புல் காய்ந்து தரையோடு போனபிறகு வெள்வேலின் நெற்று உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். மண்ணுக்குச் சாணம் திரும்பிவிடும். விதைப்பு, அறுப்பு என்று பெரிய காரியம் எதுவும் இல்லாமல், பலநூறு ஆண்டு அனுபவத்தில் இந்த மழைக்கு என்ன முடியும் என்று கண்டுபிடித்து நிறுத்திய ஏற்பாடு. மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சும்மா கிடக்கும் பொட்டல். காங்கேயம் மாடு இந்தப் பொட்டலில் வளர்ந்துதான் அந்தத் திமிலையும் கொம்பையும் பெற்றது. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதத்தில் நிறம் மாறிக் காளை மயிலையாகும், கழுத்தும் திமிலும் கருத்து வரும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைப் பேணி வளர்த்ததைக் கால்நடைத் துறையின் பழைய ஏடுகளெல்லாம் பேசும். வெள்ளகோவில் அருகே கண்ணபுரத்தில் மாரியம்மன் நோன்பை ஒட்டிச் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தையைப் பார்த்தால் அந்தப் பேச்சு மிகையில்லை என்று தெரியும்.

அப்படி ஒரு ஒற்றைச் சாலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிளுவைக்கு இலை உதிர்ந்திருந்த நேரம். பச்சையும் சாம்பலும் கலந்த தண்டில், மெல்லிய காகிதம்போலப் பட்டை உரிந்து காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. எக்ஸ்எல்லில் பின்னால் தவிட்டு மூட்டையோடு வந்த பெரியவர் ஒருவர் தாண்டிப் போய், வேகம் குறைத்து, திரும்பி வந்தார்.

"ஏனுங் தம்பி, வண்டி நின்னு போச்சுங்களா?"

"இல்லீங்க. சும்மா பாத்துட்டு நிக்கறனுங்க."

"காடு கீது வெலைக்குப் பாக்கறீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. வேலி நல்லா இருக்குதேன்னு…"

அவர் என்னையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். என் பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை என்பது தெரிந்தது. "வேலீல என்னங்க இருக்குது" என்றார். பிறகு நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். போத்து வெட்டி நட்டு மூணு நாலு வருசம் காபந்து பண்ணவேண்டும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் நிற்கும். இது அவருடைய அப்பா காலத்து வேலி. "இப்ப வேலி கட்டறதுக்கு ஆளு கெடைக்கறதில்லீங். கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துட்டா ஒரு நாள் வேலை." வண்டியைக் கிளப்பும் முன், ஏதோ என் மனசு நோகக்கூடாது என்பதுபோல, "பாருங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒருவன் இந்தச் சாலையில் நிற்க இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும் என்பது அவருடைய கணக்கு. வண்டி கெட்டிருக்க வேண்டும், அல்லது நிலம் வாங்க வந்திருக்க வேண்டும். கணக்கில் தப்பில்லை. இரண்டாவது காரணத்துக்காக நின்றவர்கள்தான் அக்கம்பக்கத்தில் சிமெண்டுக் கல் நட்டுக் கலர்க் கொடி கட்டி 'நகர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

காங்கேயத்தை நெருங்கும்போது சாலையோரம் கொப்பரைக் களங்கள் வரும். ஏக்கர் கணக்கில் சிமெண்டுத் தரை. அதில் பிளந்த தேங்காய் மூடிகள் வாய் மேலே பார்த்து வரிசையாகக் காயும். காலையில் போட்டது கண்கூசும் வெள்ளை. ரெண்டு நாள் வெயில் பட்டது மங்கல். அதற்கும் முந்தியது பழுப்பு. களத்தின் நிறத்தை வைத்தே எந்தப் பகுதியில் எப்போது போட்டது என்று சொல்லிவிடலாம். முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெண்கள் குனிந்து காய்ந்த பருப்பை ஓட்டிலிருந்து விடுவித்துப் போடுவார்கள். வாசனை அரை கிலோமீட்டருக்கு முன்பே வந்துவிடும். இனிப்பும் எண்ணெயும் கலந்த, லேசாகத் தலை வலிக்க வைக்கும் வாசனை. தார்ப்பாய் சுருட்டித் தயாராகக் கிடக்கும். வானம் இருண்டால் களம் முழுக்க ஓட்டமும் கூச்சலும். கொறங்காட்டுக்காரர் மழைக்குக் காத்திருக்க, பக்கத்துக் களத்துக்காரர் அது வரக்கூடாதென்று இருக்கும் ஊர் இது.

இந்த வழிகளைப் பற்றி முதலில் முறையிட்ட பயணி சுந்தரர். சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னோடும் பொருளோடும் வந்துகொண்டிருந்தவரை இன்றைய திருமுருகன்பூண்டிப் பக்கம் வேடர்கள் மறித்துக் கொள்ளையடித்தார்கள் என்பது பெரியபுராணக் கதை. வேடராக வந்தவை சிவபூதங்கள் என்பது பின்னால் வரும் விளக்கம். அவருடைய பதிகத்தில் விளக்கத்தைவிடக் கோபம்தான் மேலே நிற்கும். அடித்துப் பறிக்கிறவர்கள் நடமாடும் இந்த ஊரில் உமக்கு என்ன வேலை என்று சாமியையே கேட்கிறார். கொங்கு வறண்ட, வழிப்பறி மிகுந்த வழி என்ற பேச்சு அப்போதே இருந்திருக்கிறது. இருந்தும் வழியை யாரும் விடவில்லை. கணவாயை ஒட்டிச் சேர நாட்டுக்குப் போன பாதைக்கு இராசகேசரிப் பெருவழி என்று பெயர் வெட்டிய கல்வெட்டு கோவைக்கு மேற்கே இருக்கிறது. வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே ரோமக் காசுப் புதையல்கள் கிடைத்தன. சுந்தரர் பொருளை இழந்த அதே திருமுருகன்பூண்டியில் இன்று சாலையோரம் வரிசையாகச் சிற்பக் கூடங்கள். கல் தூசியில் முழுக்க வெளுத்துப்போன இளைஞர்கள் கிரைண்டர் பிடித்து யாளியின் வாயைக் குடைந்துகொண்டிருப்பார்கள். முகம் முடியாத பிள்ளையார்கள் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் வெயிலில் நிற்பார்கள். அதற்கு அடுத்த கட்டடம் பனியன் கம்பெனி. அதற்கடுத்ததும்.

இந்தப் பகுதியைக் கண்ணால் மட்டும் பார்க்க முயன்றால் பாதிதான் கிடைக்கும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சோமனூர், மங்கலம், பல்லடம் சுற்றிய ஊர்களில் இரவு பத்து மணிக்கு மேல் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்ட வேண்டும். தறிக்குடோன்களிலிருந்து வரும் சத்தம் ஊருக்கு ஊர் மாறும். பழைய நாடாத் தறி என்றால் தடதடவென்று ஒரு தாளம். பத்துத் தறி சேர்ந்து ஓடினால் தாளம் குழம்பி ஒரே இரைச்சல். நாடா இல்லாத புதுத் தறிகள் வந்த ஊரில் சத்தம் மெலிந்து கூர்மையாக இருக்கும். ட்யூப்லைட் வெளிச்சத்தில், பனியனும் லுங்கியுமாக ஒருவர் அறுந்த பாவை முடிந்துகொண்டிருப்பது கதவிடுக்கில் ஒரு நொடி தெரியும். கூலிக்கு ஓட்டும் தறி பெரும்பாலும். நூல் கொடுக்கிறவர் வேறு, துணியை வாங்குகிறவரும் அவரே. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடக்கும் வாரங்களில் இதே ஊர் வழியாக இரவில் போயிருக்கிறேன். அந்த அமைதி நன்றாக இல்லை.

நன்றாக இல்லாதவற்றையும் பேசத்தான் வேண்டும். நொய்யலைத் தாண்டாமல் இங்கே எந்தச் சாலையும் வெகுதூரம் போவதில்லை. வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவையின் குளங்களை நிரப்பி, திருப்பூரைப் பிளந்துகொண்டு போய் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு. பாலத்தில் நிறுத்தி எட்டிப் பார்த்தால், இந்த சீசனில் எந்தக் கலர் ஆர்டர் என்று தெரிந்துகொள்ளலாம் என்பது திருப்பூரில் நெடுநாள் சொல்லப்பட்ட கேலி. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாயிற்று. தண்ணீருக்காகக் கட்டிய அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்து அதே தண்ணீரைச் சாயத்துக்குத் திருப்பும் ஏற்பாடு வேகம் பிடித்தது. ஆறு முன்னைக்கு இப்போது தேவலை என்கிறார்கள். தேவலைதான். குடிக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை.

அந்த அணைக்கு அதிக தூரமில்லை, அதே நொய்யலின் வடகரையில், கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே தோண்டியதும், பிறகு நடந்த அகழாய்வுகளும் காட்டியது ஓர் அரண்மனையை அல்ல, தொழில்பேட்டையை. இரும்பு உருக்கிய உலை, சங்கு அறுத்த கழிவு, பாதி துளையிட்டுக் கைவிட்ட மணிகள். பக்கத்துப் படியூர் மண்ணில் கிடைத்த பச்சைக்கல்லையும் பளிங்கையும் பட்டைதீட்டியிருக்கிறார்கள். நூல் நூற்ற தக்களிகள்கூடக் கிடைத்திருக்கின்றன. பானை ஓட்டில் தமிழ் பிராமியில் பெயர் கீறியிருக்கிறார்கள். இன்று அங்கே போனால் பார்க்க அதிகமில்லை. வயல், கருவேலம், ஒன்றிரண்டு நெடுங்கல். ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் இந்த ஆற்றங்கரையில் எவனோ ஒருவன் தூர தேசத்து ஆர்டருக்குக் கண் வலிக்க வலிக்க வேலை செய்துகொண்டிருந்தான் என்பதை அறிந்தபிறகு, தொழில் வந்து இந்த ஊரின் அழகைக் கெடுத்துவிட்டது என்ற புலம்பலை என்னால் முழுதாக ஏற்க முடிவதில்லை. தொழில் பின்னால் வந்ததல்ல. ஆற்றைச் சாகடிக்கும் அளவு வேகம்தான் பின்னால் வந்தது.

இந்த வேகத்துக்குச் சாலையும் ஒத்துப்போய்விட்டது. சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் அவினாசியிலிருந்து பெருந்துறை போகிறவருக்குக் கண்ணில் படுவது நடுத்தடுப்பில் பூத்த அரளியும் டோல்கேட்டும்தான். ஊர்கள் பாலத்துக்குக் கீழே போய்விட்டன. பொள்ளாச்சி சாலையை அகலப்படுத்தியபோது இருபுறமும் கவிந்து நின்ற புளியமரங்களை வெட்டினார்கள். மேட்டுப்பாளையம் சாலையில் அதற்கு முன்பே வெட்டியாயிற்று. பொள்ளாச்சிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்கிறோம், உண்மை. ஆம்புலன்ஸும் சீக்கிரம் போகிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் நிழலில் வண்டி ஓட்டிய சாலை அது. வெயிலும் நிழலும் மாறி மாறி முகத்தில் விழுந்த அந்த முக்கால் மணி நேரம்தான் பலருக்குப் பொள்ளாச்சியாக இருந்தது. இப்போது அதே தூரத்தை ஏசியைக் கூட்டி வைத்துக் கடக்கிறோம். சுற்றுலாத் துறை இந்த ஊர்களை இன்னும் கண்டுகொள்ளாமல் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட உண்டு. கண்டுகொண்டால் கொறங்காட்டு வேலிக்கு முன்னால் செல்ஃபி பாயிண்ட் வரும்.

திருப்பூருக்கு வெளியே நஞ்சராயன் குளத்துக்கு 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. பனியன் ஊரின் விளிம்பில் இருக்கும் குளம். கரையில் நின்றால் ஒரு பக்கம் நாரையும் நீர்க்காகமும், மறுபக்கம் வீட்டுமனைகளும் கம்பெனிக் கூரைகளும். அதே ஆண்டு ஆகஸ்டில், அறுபது ஆண்டு காலம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்த அத்திக்கடவு அவினாசித் திட்டமும் திறக்கப்பட்டது. 1,900 கோடி ரூபாய்க்குமேல் செலவு, பவானியின் உபரி நீரைக் குழாயில் ஏற்றிக் கொண்டுவந்து 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் ஏற்பாடு. வறண்ட குளத்தைப் பார்த்தே வளர்ந்த அவினாசிப் பக்கத்துப் பிள்ளைகள் முதல்முறை தண்ணீர் தளும்புவதைப் பார்த்தார்கள். மோட்டார் ஓடுகிறவரை தளும்பும்.

கடைசியாகக் கீழ்பவானி வாய்க்கால். கோபியிலிருந்து பெருந்துறை, சென்னிமலைப் பக்கம் போகும் சாலைகள் இந்த வாய்க்காலைத் திரும்பத் திரும்பத் தாண்டும். 1955இல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சத்துச் சொச்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஒரு போகத்துக்கு ஒரு பாதிக்கு நெல்லுக்குத் தண்ணீர், மறு போகத்துக்கு மறு பாதிக்குப் புஞ்சைப் பயிருக்குத் தண்ணீர். மண் கரை வாய்க்கால். ஆகவே கசியும். கசிந்தது கிணறுகளில் ஊறும், ஓடைகளில் சேரும், கீழே இருக்கும் குட்டைகளை நிரப்பும். ஆயக்கட்டில் பெயரே இல்லாத தோட்டங்களும் அதில் பிழைக்கும். இந்தச் சாலைகளில் போகும்போது வாய்க்காலுக்கு மேற்புறம் சரளையும் வேலிக்காத்தானும், கீழ்ப்புறம் வாழையும் மஞ்சளும் தென்னையும் என்று வெட்டினாற்போல மாறுவது அதனால்தான். சாலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமலே நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

2020இல் இந்த வாய்க்காலைச் சீரமைக்க 700 கோடிக்கு மேல் ஒதுக்கி அரசாணை வந்தது. கான்கிரீட் போடும் வேலை தொடங்கியதும் விவசாயிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். போடவேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் கடைமடைக்காரர்கள். முறை வந்தும் தண்ணீர் வந்து சேராமல் நடவு தள்ளிப்போனவர்கள். பொறியாளரின் ஏட்டில் கசிவுக்கு இழப்பு என்று பெயர், அவர்களுடைய ஏட்டிலும் அப்படியே. போடக்கூடாது என்பவர்கள் கிணற்றுக்காரர்கள். அந்த இழப்பில்தான் அவர்கள் மோட்டார் ஓடுகிறது, குடிதண்ணீர் ஊறுகிறது. உண்ணாவிரதம், மறியல், வழக்கு எல்லாம் இரு தரப்பிலும் நடந்தன. ஒரே ஊரில், சில இடங்களில் ஒரே பங்காளி வீட்டில், எதிரெதிர்க் கட்சி. டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் கிளாஸ் ஆறிப்போகும் வரை முடியாது. "உங்குளுக்கு எந்த மதகுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. மதகு நம்பர் தெரிந்தால் ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

எனக்கு மதகு கிடையாது. நான் ரசிக்கிற பச்சை அந்தக் கசிவில் வந்தது, ஆகவே கசிவு நிற்கக்கூடாது என்று சொல்ல ஆசைதான். முறைத்தண்ணீருக்குக் காத்திருந்து நாற்று முற்றிப்போன கடைமடைக்காரர் முன்னால் அந்த ஆசையைச் சொல்ல முடியாது. இரண்டு தரப்பும் கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்து பேசும்போது, காரில் போகிறவனுக்கு அங்கே நாற்காலி போடுவதில்லை. போடவும் வேண்டாம். அரச்சலூர்ப் பக்கம் இன்னும் மண் கரையாகவே இருக்கும் இடங்களில் வாய்க்கால் ஓரம் நாணல் மண்டியிருக்கிறது. தண்ணீர் விட்டிருக்கும் மாதத்தில் போனால், கீழ்ப்புறத் தோட்டங்களில் கிணறு மேல்படிவரை நிரம்பிக் கிடப்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மழை பெய்து வாரக்கணக்கில் ஆகியிருக்கும்.